பித்தளை மூக்கு வைத்த டிபன் கேரியர்

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் உத்தேசத்தோடு பரண்மேல் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது, பழைய பாய்ச்சுருளுக்கும் ஓடாத மேஜை விசிறிக்கும் நடுவே சணல் சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு பொருள் என் கைக்கு அகப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தால், இரண்டு அடுக்குள்ள எவர்சில்வர் டிபன் கேரியர். கீழ் அடுக்கின் விலாவிலும் மூடியின் உச்சியிலும், கட்டை விரல் நுழையும் அகலத்தில் பித்தளை மூக்கு ஒவ்வொன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. "இதென்னுங்கப்பா, சாப்பாட்டு கேரியருக்குக் குழாய் வெச்சிருக்காங்க?" என்று என் மகள் கேட்டாள். இறுகிப்போயிருந்த கிளிப்பைத் திருப்புளியால் நெம்பி மூடியைத் திறந்தேன். கரிந்த எண்ணெயும் புளித்த பெட்ரோலும் ஈர இரும்பும் கலந்த அந்த மணம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சற்றும் குன்றாமல் எழுந்து முகத்தில் அடித்தபோது, ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளுக்குப் பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

கோயம்புத்தூரில் கணபதிக்குப் போகும் வழியில், இரு பக்கமும் லேத் பட்டறைகள் இரைந்துகொண்டிருந்த ஒரு சந்தின் கோடியில், தகரக் கொட்டகை போட்ட மோட்டார் பட்டறை ஒன்று அக்காலத்தில் இருந்தது. பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு, கம்பெனி உத்தியோகம் கிடைக்கும்வரை கைப்பழக்கத்துக்கு என்று நான் போய்ச் சேர்ந்த அந்த இடத்தில், கம்பெனியை மறந்து பல வருஷங்கள் தங்கிவிட்டேன். யந்திரம் என்றால் அந்த ஊருக்கே ஒரு தனிப் பிரியம் உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றிய கதைகளைத் தாத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மாருதி 800-ன் சாமான்களைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரைச் சமைத்த கரிவரதன் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எங்களுக்கிருந்த பெருமிதத்துக்கு அளவேயில்லை. 1995-ல் ஆகாய விபத்தில் அவர் மறைந்த செய்தி வந்த தினத்தில் பட்டறைத் தெருவே மௌனமாக இருந்ததென்று மேஸ்திரி சொல்வார்.

மேஸ்திரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். உயரமான சரீரம், காக்கிச் சட்டை, திருப்பூர் பனியன் துணியின் வெட்டுத் துண்டு ஒன்று எந்நேரமும் தோளில். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர். ஆனால், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே இன்ன சிலிண்டரில் இன்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஞானம் படைத்தவர். வாலிபத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், ஊரிலிருந்து லாரி ஏறிப் போய் மூன்று நாள் வெயிலில் நின்று பார்த்து வந்தவர். பின்னாளில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிய பிறகும், அவர் வாயில் அது சோழவரம்தான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்வார்கள். அவர் காரின் வண்ணத்தைப் பார்க்கமாட்டார், இருக்கையைத் தொடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, டாப்பெட் கவரின் மேலிருக்கும் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அந்த வாயின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடிப்பார். கையில் லேசாக ஆவி பட்டால் தலையை அசைப்பார். குப்குப்பென்று புகை தள்ளினால், "பேக் கம்ப்ரெஷன் அடிக்குதுங்க, வேண்டாம்" என்று அதோடு திரும்பி நடந்துவிடுவார். இந்த 'பேக் கம்ப்ரெஷன்' என்னும் சொல்லை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் நம் நாட்டில் அதை அறியாத மெக்கானிக் இல்லை.

அதன் பொருள் இதுதான்: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றின் இடுக்கின் வழியாகக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அறையாகிய கிராங்க் கேஸுக்குள் இறங்கியே தீரும். இறங்கியது வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் சேர்ந்து ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். பழைய வண்டிகளில் இதற்காக ஒரு குழாய் எஞ்சினின் பக்கத்திலிருந்து தரையை நோக்கி இறங்கும்; வண்டி ஓடும் வேகத்தில் எழும் காற்று அதன் முனையைத் தடவிச் செல்கையில் உள்ளிருக்கும் ஆவி உறிஞ்சப்பட்டுச் சாலையிலே கலக்கும். லாரிகள் நிற்குமிடமெல்லாம் தரையில் கருந்திட்டுக்கள் படிந்திருந்த காட்சியை என் தலைமுறையார் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுள் பாதி அந்தக் குழாயின் உபயம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆழமான நீரைக் கடக்க வேண்டியிருந்த ராணுவ வாகனங்களுக்காகக் கிராங்க் கேஸை மூடி, அதன் ஆவியை எஞ்சினே உறிஞ்சி எரித்துக்கொள்ளும் ஏற்பாடு கையாளப்பட்டது. பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் பழுப்பு நிற மூடுபனி வாட்டியபோது, ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன சாஸ்திரி, வண்டிகளும் ஆலைகளும் கக்கும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் கூடியே அந்த மூட்டம் உண்டாகிறதென்று நிரூபித்தார். அதன் பயனாக 1961-ஆம் ஆண்டுக் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963-ஆம் ஆண்டுக் கார்களில் அமெரிக்கா முழுவதிலும் அந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது. சுண்டு விரல் அளவே உள்ள பி.சி.வி. வால்வு ஒன்று, ஒரு ஹோஸ், இவ்வளவே அதன் அங்கங்கள். விலை அற்பம், உபகாரமோ பெரிது. கல்லூரி நூலகத்தில் இதைப் படித்துவிட்டு வந்து மேஸ்திரியிடம் சொன்னபோது, அவர் வெகு நேரம் யோசித்து, "யுத்தத்துல கண்டுபிடிச்சதுல உருப்படியா ஒண்ணு இருக்குதுன்னு சொல்லு" என்றார்.

இந்த நிலையில்தான் பம்ப்செட் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரின் மகன் தம்முடைய எஸ்டீம் காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். 1298 சி.சி., 85 குதிரைத்திறன்; அன்றைய கார்களில் எடைக்குத் தக்க வேகமுள்ள வண்டி அது. அதற்கு டர்போ வைக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஜப்பானியக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சிறு டர்போவை எங்கிருந்தோ வாங்கி, குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். வெளியே தள்ளப்படும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் புதுக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். 1905-லேயே ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் காப்புரிமை பெற்ற யோசனை. நிமிஷத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சின்னஞ்சிறு சக்கரத்தை, மேஸ்திரி ஒற்றை விரலால் மெல்லத் தள்ளிவிட்டு அது தானே நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் மனக்கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பின் ஒரு வாரம் சம்பாஷணைதான். காரின் சொந்தக்காரருக்கு 1 பார் அழுத்தம் வேண்டும். அதைத் தாங்குவதற்காக ஹெட்டின் அடியில் தடித்த கேஸ்கெட் வைத்துக் கம்ப்ரெஷனைக் குறைத்துவிடலாமென்பது அவர் அபிப்பிராயம். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. கம்ப்ரெஷனைக் குறைத்த வண்டி டர்போ வீசாத வேளைகளில் எருமையைப் போல நகரும். ஊருக்குள் ஓட்டுவது அந்த வேளைகளில்தானே? 0.4 பார் போதும், கம்பெனி வைத்த கம்ப்ரெஷனையே வைத்துக்கொள்வோம், இக்னிஷனைச் சற்றுத் தாமதப்படுத்துவோம், டர்போவின் அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோலின் அழுத்தத்தையும் ஏற்றிக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்று வைப்போம் என்றார். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் ஒப்பவே மாட்டேனென்றார். அதற்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 35 டிகிரிக் காற்றை 0.5 பார் அளவுக்கு அமுக்கினாலே அது 80 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். கணக்கைப் பார்த்தபின் சொந்தக்காரரும் இணங்கினார். மனிதர் நல்லவர், ஆசை மிகுந்தவரே தவிரப் பிடிவாதக்காரர் அல்லர்.

இவ்வளவு சிரத்தையோடு விவாதித்த நாங்கள் மூவரும் எஞ்சினுக்குள் போகும் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

வண்டி தயாராகி அவிநாசி சாலையில் முதன்முதல் ஓடிய அதிகாலையை எப்படி வர்ணிப்பது! மூன்றாவது கியரில் மிதித்த மாத்திரத்தில், மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி எழுந்து, முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் வண்டி பாய்ந்தது. சொந்தக்காரர் சிறு பிள்ளையைப் போலச் சிரித்தார். ஆனால் பத்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சைலன்ஸரில் நீலப்புகை, சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடிக்கும் அளவுக்கு. டர்போவின் சீல் போய்விட்டதென்று தீர்மானித்துக் கழற்றினேன். டர்போவின் தண்டில் இருப்பது ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய இரும்பு வளையமே. அது பழுதின்றி இருந்தது. ஆயினும் புதிது மாற்றிப் பூட்டினேன். மறுபடியும் புகை. இரண்டாம் முறை கழற்றினேன். அப்போதும் வளையத்தில் குற்றமில்லை. டர்போவே மட்டமானதாயிருக்கும், வேறு வாங்கிவிடலாமென்று சொந்தக்காரர் மனம் சோர்ந்து சொன்னார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் மேஸ்திரி அந்த வண்டியின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, தொடாமல், கருவி எதுவும் எடுக்காமல், வெகுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இங்க வா கண்ணு, இதப் பாரு" என்று கூப்பிட்டார். அவர் காட்டியது ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக். அது தன் குழாயின் வாயில் முழுவதும் அமர்ந்திருக்கவில்லை. ஒரு விரற்கடை மேலே எழுந்து நின்றது. அதன் கழுத்தைச் சுற்றி வளையம்போல் எண்ணெய் கசிந்து, அந்த எண்ணெயில் சாலைப் புழுதி படிந்து கறுப்புச் சேறாகியிருந்தது. துண்டால் துடைத்துவிட்டு அதை அழுத்தி உட்காரவைத்தார். என்னை எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை உலுக்கச் சொன்னார். நான் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பானைக்குள் கொதி வந்ததும் மூடி அசைவதைப் போல டிப்ஸ்டிக் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"உள்ள போற காத்தப் பத்தியே பேசிட்டு இருந்தோமுங்க தம்பி. வெளிய வர வேண்டிய காத்துக்கு வழி இருக்குதான்னு ஒருத்தரும் கேக்கலீங்க" என்று அவர் சொந்தக்காரரைப் பார்த்துச் சொன்னதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. தம்மையும் சேர்த்தே அவர் சொன்னார்.

நடந்தது இதுதான். இயற்கையாக மூச்சு வாங்கும் எஞ்சினில், ஓய்வாக ஓடும்போது இன்டேக் குழாயில் வெற்றிடம் இருக்கும், பி.சி.வி. வால்வு அந்த வெற்றிடத்தின் துணையால் கிராங்க் கேஸின் ஆவியை உறிஞ்சித் தரும். டர்போ வந்துவிட்டாலோ, மிதித்த வேளையில் அதே இடத்தில் வெற்றிடம் போய் அழுத்தம் நிற்கிறது. வால்வு அந்தச் சமயம் இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுதும் ஒரு திசையில் உறிஞ்சுவதற்கே பழகிய எங்கள் வால்வு, எதிர்த்திசை அழுத்தத்தில் கசிந்து, டர்போவின் காற்றையே கிராங்க் கேஸுக்குள் ஊதிவிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வழியாக, டாப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போயிருந்த மெல்லிய ஹோஸை, புதுக் குழாய் அமைத்தபோது நானே எடுத்துவிட்டு அதன் வாயில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டியிருந்தேன். அது எண்ணெயில் ஊறி அடைத்துப்போயிருந்தது. ஆக, ஒரு கதவு உட்புறமாகத் திறந்து கிடக்க, மற்றொரு கதவு சாத்திக்கிடந்தது.

அப்படியானால் டர்போ ஏன் புகைந்தது? டர்போவுக்கு எண்ணெய் வரும் குழாய் பென்சில் பருமன்கூட இருக்காது. போகும் குழாயோ பெருவிரல் பருமன். ஏனெனில், அந்தப் பயங்கர வேகத்தில் கடையப்பட்ட எண்ணெய் நுரைத்து மோரைப்போல வெளியேறி, தன் கனத்தினாலேயே சரிந்து, ஆயில் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே விழ வேண்டும். அதைத் தள்ள வேறு விசை கிடையாது. கீழே கிராங்க் கேஸில் அழுத்தம் சேர்ந்துவிட்டால் எண்ணெய் இறங்க இடமின்றித் தேங்கி, பழுதில்லாத வளையத்தையும் தாண்டிப் புகைப்பக்கம் ஒழுகும். நிரபராதியை இருமுறை கழற்றித் தண்டித்திருக்கிறோம். இன்றைக்கும் எத்தனையோ பட்டறைகளில் இந்தக் காரணத்துக்காக நல்ல டர்போக்கள் குப்பைக்குப் போவதை நான் வேதனையோடு பார்க்கிறேன்.

எவ்வளவு வாயு வெளியேற வேண்டும் என்று தெரிந்தால்தானே எவ்வளவு அகல வழி வேண்டுமென்று தெரியும்? 1298 சி.சி. எஞ்சின் 6000 சுற்றில் நிமிஷத்துக்குச் சுமார் 3900 லிட்டர் காற்றை விழுங்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலும் நிமிஷத்துக்கு 39 லிட்டர். டர்போவோடு அது இன்னும் கூடும். கணக்கு என்னுடையது; பரீட்சை மேஸ்திரியுடையது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இரவல் வாங்கி வந்து, யு வடிவாக வளைத்து, நீல மை கலந்த நீரை அதில் ஊற்றி, காருக்குள் நூலால் கட்டினார். ஒரு முனை டிப்ஸ்டிக் குழாயில், மறுமுனை வெறுங்காற்றில். எஞ்சின் ஓய்வாக ஓடியபோது நீர் டிப்ஸ்டிக் பக்கம் ஒரு விரல் ஏறி நின்றது. உள்ளே இலேசான உறிஞ்சல் இருக்கிறதென்று அதற்கு அர்த்தம். சாலையில் சொந்தக்காரர் மிதித்தார். நீர் திரும்பி, திறந்த முனையை நோக்கிச் சரசரவென்று ஏறி, பீச்சாங்குழல்போல் பாய்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையை நீலமாக்கிவிட்டது. அந்தச் சட்டையை அவர் வெகுகாலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

பரிகாரம் மூன்றாக அமைந்தது. பழைய பி.சி.வி. வால்வுக்குத் தொடராக, பிரேக் பூஸ்டர் ஹோஸில் வரும் ஒருவழி வால்வு ஒன்றைச் சேர்த்தோம். டர்போவின் காற்று அந்த வழியே நுழைவது நின்றது. டாப்பெட் கவரில் இரண்டு அகலமான வாய்கள் வெட்டி, கேம் சுழற்றித் தெறிக்கும் எண்ணெய் நேரே ஏறிவிடாதபடி உட்புறம் தகட்டுத் தடுப்பு வைத்தோம். அந்த வாய்களிலிருந்து புறப்படும் ஹோஸ்களை ஒன்றாய்ச் சேர்த்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில், எப்போதும் இலேசான உறிஞ்சல் இருக்கும் இடத்தில், இணைக்க வேண்டும். ஆனால் எண்ணெய்ப் பனி அப்படியே டர்போவுக்குள் போனால் இன்டர்கூலர் முழுதும் பிசுக்காகும். எண்ணெய் கலந்த காற்றில் பெட்ரோலின் தரம் தாழ்ந்து பிஸ்டனைத் தட்டும் வெடிப்பு எளிதில் உண்டாகும். வழியில் எண்ணெயைப் பிரித்து வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் தேவை. பந்தயக்காரர்களின் சர்வதேச விதியிலும் கிராங்க் கேஸின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் திறந்திருக்கும் கார்களுக்கு இப்படியொரு பாத்திரம் கட்டாயம், 2000 சி.சி. வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ள வேண்டும். பாதையில் ஒருவன் சிந்திய எண்ணெயில் இன்னொருவன் சறுக்கிச் சாகக்கூடாதல்லவா?

அத்தகைய பாத்திரம் அன்று கடைகளில் கிடைக்காது. மேஸ்திரி பட்டறையைச் சுற்றிப் பார்வையைச் செலுத்தி, கடைசியில் தம் சாப்பாட்டு கேரியரின்மேல் நிறுத்தினார். அன்று அதில் வந்திருந்தது அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு. பெருங்காய மணமும் நெய் மணமும் இன்னும் போகவில்லை. குழாயடியில் தாமே கழுவினார். மேல் அடுக்கின் அடித்தட்டில் டிரில்லிங் மெஷினால் சிறு சிறு துளைகள் போட்டார். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் பெரிய பிட் ஒன்றைக் கையால் திருகிப் பிசிறு நீக்கினார், ஒரு பொடி உலோகம்கூட எஞ்சினுக்குப் போகக்கூடாதென்று. அந்த வேலைக்கே அன்று சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. அடுக்குகளுக்கிடையே கார்க் பேக்கிங். மேல் அடுக்குக்குள் பாத்திரம் துலக்கும் எவர்சில்வர் நார். ஆவி கீழ் அடுக்கின் விலா வழியே நுழைந்து, வேகம் தணிந்து, துளைகளின் ஊடே எழுந்து, நாரில் சுற்றி எண்ணெயை விட்டுவிட்டு மூடியின் மூக்கு வழியே போகும். சேர்ந்த எண்ணெயைக் கொட்ட வேண்டுமானால் கிளிப்பைத் தள்ளினால் போதும். மறுநாள் மேஸ்திரி வீட்டம்மா அலுமினியத் தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பினார். "கேரியர் எங்கேன்னு கேட்டா, கார்ல போயிருக்குதுன்னேன்" என்றார் மேஸ்திரி.

நீல நீர் அதற்குப் பின் இரண்டு விரற்கடை ஏறியதோடு நின்றுவிட்டது. ஆனால் மேஸ்திரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால்தான் உண்மை தெரியுமென்றார். மூவரும் உதகைக்குப் புறப்பட்டோம். கல்லாற்றைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி. பிறகு வளைவுக்கு வளைவு டர்போவின் சீழ்க்கை. பயணம் நெடுகச் சொந்தக்காரர், 1977-ல் ரெனோ கம்பெனி முதன்முதலாக டர்போ காரை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தபோது அது அடிக்கடி புகை கக்கி நின்றதையும், எதிரிகள் அதை 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பரிகசித்ததையும், 1979-ல் அதே கம்பெனியின் கார் பிரான்சின் திஜோன் பந்தயத்தில் ஜான்-பியேர் ஜபூயியின் கையில் வென்றதையும் உற்சாகமாக விவரித்துக்கொண்டு வந்தார். மேஸ்திரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவங்களும் ரெண்டு வருஷம் எங்கியோ ஒரு மூடியப் பாக்காம இருந்திருப்பாங்க" என்றார்.

குன்னூரில் தேநீர் குடிக்க நின்றபோது கேரியரைத் திறந்தோம். கீழ் அடுக்கில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய். இறங்கி வரும்போதுதான் வேறொரு பாடம். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கியரின் பிடியில் வண்டி இறங்கும்போது இன்டேக்கில் வெற்றிடம் மிக அதிகமாகும், அப்போது பி.சி.வி. வால்வு எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பர்லியாறு அருகே மறுபடி மிதித்தபோது கண்ணாடியில் ஒரு சிறு நீலக்கீற்று தெரிந்தது. அதற்காக அந்தப் பக்கத்து ஹோஸிலும் ஒரு சிறு குப்பியை அடுத்த வாரம் வைத்தோம். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது ஒரு வழி. இரண்டிலும் காவல் வேண்டியிருந்தது. மார்கழியில் அந்த வண்டி உதகையில் நாலு நாள் தங்கித் திரும்பியபோது, கேரியரில் எண்ணெய்க்குப் பதில் பால் காப்பி நிறத்தில் வெண்ணெய் போன்ற ஒரு வஸ்து திரண்டிருந்தது. எரிந்த பெட்ரோலிலிருந்து பிறக்கும் நீராவி குளிரில் எண்ணெயோடு கலந்து அப்படி உறையும். சூடான எஞ்சினில் அது ஆவியாகப் போய்விடும். இத்தனை நாளும் எங்கோ ரகசியமாக நடந்துகொண்டிருந்ததை அந்தக் கேரியர் எங்களுக்குப் பாத்திரத்தில் போட்டுக் காட்டியது.

கார் சில வருஷங்கள் நன்றாக உழைத்தது. சொந்தக்காரர் அதை விற்கும்போது எஞ்சினைப் பழைய நிலைக்கே மாற்றிக்கொடுத்து, கழற்றிய கேரியரை மேஸ்திரியிடம் நீட்டினார். அவர் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் மேஸ்திரி காலமானார். அந்தச் சந்தில் இன்று லேத் சத்தம் குறைந்துவிட்டது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கட்டட வளாகம் ஒன்று எழும்பியிருக்கிறது.

இப்போது சாதாரணக் குடும்பத்தார் வாங்கும் சின்னக் காரிலும் டர்போ வந்துவிட்டது. எங்கள் எதிர்வீட்டு இளைஞனிடம் அப்படியொரு கார் இருக்கிறது. பரணைச் சுத்தம் செய்த அதே வாரத்தில், எஞ்சினிலிருந்து புல்லாங்குழல் போல ஒரு கூவல் வருகிறதென்று அவன் வந்து நின்றான். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் மூடி எழ மறுத்தது. எழுந்ததும் கூவல் நின்றது. இக்காலத்துக் கார்களில் பி.சி.வி.யின் ரப்பர்ச் சவ்வு பிளாஸ்டிக் டாப்பெட் கவருக்குள்ளேயே புதைந்திருக்கும். அது கிழிந்தால் இப்படித்தான் உறிஞ்சும். சவ்வு அற்பக் காசு பெறும். ஆனால் கவர் முழுவதையும் மாற்ற வேண்டும். மேஸ்திரியாக இருந்தால் கவரை அறுத்துப் பார்த்திருப்பார். நான் மாற்றிவிடச் சொன்னேன். கிராங்க் கேஸின் ஆவியை வெளியே விடக்கூடாதென்று நம் நாட்டிலும் விதி இருக்கிறது. அது நல்ல விதி. மூடிய வழி மூடியதாகவே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

எண்ணெய் பிடிக்க அவன் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தான். நீலம் பூசிப் பளபளக்கும் அலுமினியம். கைக்கு அழகாக இருந்தது. திருகித் திறந்தேன். உள்ளே தடுப்பும் இல்லை, நாரும் இல்லை, வெற்று டப்பா. நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே இருந்தன. ஆவி ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் அப்படியே போய்விடும். நான் வாய் திறந்து ஒன்றும் விளக்காமல், உள்ளே போய் டிபன் கேரியரைக் கொண்டு வந்து திண்ணைமேல் வைத்தேன்.

கிளிப்பைத் தள்ளி, மேல் அடுக்கை எடுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தான். நார் துருப்பிடிக்காமல் இருந்தது; அதை விலக்கியபோது, அடித்தட்டின் துளைகள் வழியே மாலை வெயில் புள்ளி புள்ளியாக அவன் சட்டைமேல் விழுந்தது. விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு பிசிறும் இல்லை. துளைகளை எண்ணத் தொடங்கினான்; பாதியில் தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"நாற்பத்தொண்ணுங்க மாமா. இது எத்தனை எம்.எம். பிட்டுல போட்டதுங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மேஸ்திரியின் பிட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அந்தத் துளையில் நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமென்று, மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி மகளைக் கூப்பிட்டேன்.